ஈற்றுக் காலத்தில் கறவைப் பசுவைக் காத்தல்

கறவைப் பசுவின் வாழ்நாளில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டிய காலம் எது என்று கேட்டால், கன்று போடும் நாளே என்று குடியானவர்களில் பெரும்பாலோர் சொல்லுவர். அது பாதி உண்மையே ஆகும். கன்று போடுவதற்கு முன் மூன்று வாரங்களும், போட்ட பின் மூன்று வாரங்களும் சேர்ந்த ஆறு வாரங்களே பசுவுக்குச் சோதனைக் காலம். பால் ஜுரம், நஞ்சுக்கொடி விழாமை, கருப்பை அழற்சி, மடி நோய், தீனி எடுக்காமல் இளைத்துப் போதல் ஆகிய நோய்களில் பெரும் பங்கு இந்தக் காலத்திலேயே தோன்றுகிறது. ஒரே ஒரு பசுவைக் கடன் வாங்கிப் பிடித்த குடும்பத்தில் அப்பசு இந்த வாரங்களில் படுத்துவிட்டால், ஓர் ஈற்றின் பால் முழுவதும் நஷ்டமாவதோடு, கடனும் தலைமேல் நிற்கும்.

இந்நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது அதைக் கெட்ட காலம் என்றும், கண்ணேறு என்றும் சொல்லுவதுண்டு. உண்மையில் இவை தனித்தனியான விபத்துகள் அல்ல. பால் சுரப்பதற்காகப் பசுவின் தேகம் திடீரென்று செய்ய நேரும் பெருஞ்செலவும், அதே சமயத்தில் நோயை எதிர்க்கும் சக்தி தளர்வதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இப்பிணைப்பை அறிந்துகொண்டால், காவலை எப்போது தொடங்க வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

பாலுக்காகும் செலவு

பால் மடியில் தானாக ஊறும் பொருளன்று. ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சத்துக்களைக் கொண்டே மடி அதனை உண்டாக்குகிறது. பாலின் இனிப்புக்குக் காரணமான சர்க்கரையை உண்டாக்குவதற்கு, ஒரு கிலோ பாலுக்கு ஏறத்தாழ 72 கிராம் குளுகோஸ் வேண்டும். நாளொன்றுக்குப் பத்துக் கிலோ பால் கொடுக்கும் பசு, மடிக்காக மட்டும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான குளுகோஸைத் தினமும் செலவிடுகிறது.

மனிதருடைய ஆகாரத்தில் உள்ள மாவும் சர்க்கரையும் குடலில் ஜீரணமாகி நேரே ரத்தத்தில் சேருகின்றன. அசை போடும் பிராணிகளுக்கு அவ்வாறு இல்லை. அவை தின்னும் தீனி முதலில் பெரிய இரைப்பையில் நுண்ணுயிர்களால் புளித்து அமிலங்களாக மாறுகிறது. அவ்வமிலங்களில் ஒன்றைக் கொண்டே பசுவின் ஈரல் குளுகோஸைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். ஆகையால், தீனி குறைந்தால் குளுகோஸ் வரவும் குறையும்.

தீனியோ, மிகவும் வேண்டிய அந்தச் சமயத்திலேயே குறைகிறது. ஈனுவதற்கு முந்திய மூன்று வாரங்களில் பசு எடுக்கும் தீனி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்து போவதைக் கறவை மாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஈன்ற பிறகு பால் வெகு வேகமாகப் பெருகி, ஆறு அல்லது எட்டு வாரங்களில் உச்சத்தை அடைகிறது. பசி அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. தீனி உச்சத்தை அடைய இன்னும் சில வாரங்கள் செல்லும். இவ்விடைக்காலத்தில் செலவு வரவை மிஞ்சி நிற்கிறது. பற்றாக்குறையைப் பசு தன் தேகத்தில் சேமித்து வைத்த முதலிலிருந்தே கொடுத்துத் தீர்க்கிறது.

சுண்ணாம்புச் சத்தும் பால் ஜுரமும்

இச்செலவில் முதலில் வெளிப்படுவது சுண்ணாம்புச் சத்தின் குறைவு. ஈன்ற பசு கறக்கும் பத்துக் கிலோ சீம்பாலில் சுமார் 23 கிராம் சுண்ணாம்புச் சத்து அடங்கியிருக்கிறது. ஒரு பெரிய பசுவின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புச் சத்தோ மொத்தம் 3 கிராம் அளவே. கையிருப்பைப் போல் ஏழு மடங்குக்கு மேற்பட்ட செலவு ஒரே நாளில் வந்து சேருகிறது. எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனே அதை ஈடு செய்ய இயலாத பசுவுக்குத் தசைகள் தளர்கின்றன. நிற்க முடியாமல் படுத்துவிடுகிறது. தலையை விலாப்பக்கம் மடித்துக்கொள்கிறது. காதுகள் சில்லிடுகின்றன. பால் ஜுரம் என்று பெயரிருந்தும் இதில் ஜுரம் இல்லை. மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட பசுக்களிலும், ஜெர்ஸி இனத்திலும் இது மிகுதி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஜெர்ஸிக் கலப்பினப் பசுக்கள் பரவியிருப்பதால் இதை அறிந்திருப்பது அவசியம்.

இந்நோய்க்கு வைத்தியம் கண்ட சரித்திரம் கவனிக்கத்தக்கது. 1897-ஆம் வருஷத்தில் டென்மார்க் தேசத்தில் கோல்டிங் நகரத்து மிருக வைத்தியராகிய ஷ்மிட் என்பவர், மடியில் விஷம் உற்பத்தியாவதே நோய்க்குக் காரணம் என்று கருதி, மடிக்குள் அயோடைடு கலந்த நீரைச் செலுத்தினார். சாகும் தறுவாயிலிருந்த பசுக்கள் பல எழுந்தன. சில வருஷங்களுக்குள், மருந்தே இல்லாமல் வெறும் காற்றை மடியில் ஊதி நிரப்பினாலும் அதே பலன் கிடைப்பது தெரியவந்தது. காற்றின் அழுத்தத்தால் பால் சுரப்பது தடைப்பட, ரத்தத்திலிருந்து சுண்ணாம்புச் சத்து வெளியேறுவதும் நின்றுபோயிற்று என்பதே அதன் ரகசியம். 1925-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் இந்நோயில் ரத்தத்தின் சுண்ணாம்புச் சத்து தாழ்ந்திருப்பதை அளந்து காட்டினர். 1930-இல் கிரெய்க் என்பவர் கால்சியம் குளுகோனேட்டை ஊசி மூலம் செலுத்தும் முறையை வெளியிட்டார். பிறகு வந்த கால்சியம் போரோகுளுகோனேட் மருந்து இன்றளவும் வழங்கி வருகிறது. மடியில் காற்றூதுவது கிருமிகளையும் உள்ளே கொண்டு சேர்த்தபடியால் அவ்வழக்கம் மறைந்தது.

படுத்துவிடும் பசுவைப் பார்த்தவுடன் நோய் தெரியும். ஆனால் படுக்காமலே சுண்ணாம்புச் சத்துக் குறைந்து நிற்கும் பசுக்கள் அவற்றினும் பல. அவற்றின் இரைப்பை மந்தமாகிறது, தீனி குறைகிறது, கருப்பை சரியாகச் சுருங்குவதில்லை, கறந்த பிறகு காம்பின் துவாரம் இறுக மூடுவதில்லை. திறந்த கதவின் வழியே கிருமிகள் மடிக்குள் நுழைகின்றன. பால் ஜுரம் கண்ட பசுவுக்குப் பின்னர் மடி நோயும் வருவதற்கு இது ஒரு காரணம்.

கொழுப்புக் கரைதலும் ஈரலும்

பற்றாக்குறையைத் தீர்க்கப் பசு தன் கொழுப்பைக் கரைக்கிறது. இது ஓரளவு இயற்கையே. எல்லாக் கறவைகளும் ஈன்ற பின் சிறிது இளைக்கும். கரைந்த கொழுப்பு அளவுக்கு மேல் ஈரலுக்கு வந்து சேரும்போதே தொல்லை உண்டாகிறது. ஈரல் அதை முழுவதும் எரிக்க இயலாமல் ஒரு பங்கைத் தன்னிடமே தேக்கிக்கொள்ளும். மற்றொரு பங்கைக் கீட்டோன் என்னும் பொருள்களாக மாற்றி ரத்தத்தில் விடும். அப்பசு குச்சித் தீனியை வெறுத்து வைக்கோலை மட்டும் கடிக்கும், பால் குறையும், மூச்சிலும் பாலிலும் கனிந்த பழத்தின் வாடை போன்ற ஒரு வாடை வீசும். இதைக் கீட்டோசிஸ் என்பர்.

சினைக் காலத்தில் மிகவும் கொழுத்த பசுவே இந்நோய்க்கு எளிதில் இரையாகிறது. கொழுத்த பசு ஈனும் சமயத்தில் மற்றவற்றைக் காட்டிலும் குறைவாகத் தின்னும்; கரைப்பதற்குக் கொழுப்பும் அதனிடம் மிகுதி. பசு கொழுகொழுவென்றிருந்தால் பால் பெருகும் என்னும் எண்ணம் இவ்விடத்தில் தவறிவிடுகிறது.

தேகத்தின் காவல்

ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்பவை முதற்காவலர் போன்றவை. கிருமி நுழைந்த இடத்துக்கு விரைந்து சென்று அதை விழுங்கிக் கொல்வது அவற்றின் வேலை. இந்த வேலைக்குக் குளுகோஸ் வேண்டும்; வெள்ளணுக்கள் விழித்தெழுவதற்கான சைகை உள்ளே பரவுவதற்குச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். மடி எவற்றை வாரிக்கொள்கிறதோ அவையே காவலுக்கும் தேவை. கீட்டோன் பொருள்கள் மிகுந்த ரத்தத்தில் நியூட்ரோபில்களின் கொல்லும் திறன் குன்றுவதைச் சோதனைச்சாலையில் கண்டிருக்கின்றனர். ஈனும் சமயத்தில் பெருகும் கார்டிஸால் என்னும் ஹார்மோனும் அவற்றை மந்தப்படுத்துகிறது.

இவையன்றி, பசு தன் ரத்தத்திலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களை ஈனுவதற்கு முந்திய வாரங்களில் மடிக்கு அனுப்பிச் சீம்பாலில் சேர்க்கிறது. கன்று வயிற்றில் இருக்கும்போது தாயின் ரத்தத்திலிருந்து அவற்றைப் பெற வழியில்லை; பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலே அதற்குக் கவசம். தாய் தன் கவசத்தைக் கழற்றிக் கன்றுக்கு அணிவிக்கிறது என்று சொன்னால் பொருந்தும்.

பால் சுரப்பதே காவலைத் தளர்த்துகிறது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அயோவா மாகாணத்து ஏம்ஸ் நகரில் உள்ள தேசிய மிருக நோய் ஆராய்ச்சி நிலையம் தெளிவான சான்று ஒன்றைத் தந்தது. அங்கே சில ஜெர்ஸிப் பசுக்களின் மடியைச் சஸ்திர சிகிச்சையால் முன்னதாகவே நீக்கிவிட்டு, சினையாக்கி, மடியுள்ள பசுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1999-லும் 2002-லும் வெளிவந்தன. ஈனுவதற்கு முன் இரு வகைப் பசுக்களிலும் நியூட்ரோபில்களின் சக்தி குறைந்தது. ஈன்ற பின் மடியில்லாத பசுக்களில் ஒரு வாரத்துக்குள் அது திரும்பிவிட்டது. மடியுள்ளவற்றில் இருபது நாள் வரையிலும் தாழ்ந்தே இருந்தது. மடியில்லாத பசுக்களுக்குப் பால் ஜுரமும் வரவில்லை. ஈனும் சிரமம் இரண்டுக்கும் ஒன்றே. வித்தியாசம் பால் ஒன்றுதான். ஷ்மிட் காற்றும் நீரும் ஊதி அறியாமல் கண்டதை இவர்கள் அறிந்து நிறுவினர்.

நஞ்சுக்கொடி விழாமையும் இத்தளர்ச்சியைச் சேர்ந்ததே. கன்று பிறந்தவுடன் நஞ்சுக்கொடி தாயின் தேகத்துக்கு அந்நியப் பொருளாகிறது. வெள்ளணுக்கள் அதனை அவ்வாறே அறிந்து தாக்கினால்தான் அது எளிதில் கழலும். நஞ்சுக்கொடி தங்கிய பசுக்களில், ஈனுவதற்கு முன்பிருந்தே நியூட்ரோபில்கள் சோர்ந்திருந்ததை அதே நிலையத்தார் 2002-இல் காட்டினர்.

இந்தப் பிணைப்பு ஒருவழிப் பாதையன்று. நோயெதிர்ப்புச் சக்தி விழித்துப் போரிடும்போது அதுவும் பெருஞ்செலவு செய்கிறது. ஹோல்ஸ்டீன் கறவைப் பசுக்களில் அது பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குளுகோஸைச் செலவழித்ததாக 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அந்நேரத்தில் பசி மந்தமாகும்; ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தும் தாழும்; பாலும் குறையும். ஆதலால், கீட்டோன் மிகுதியும் சுண்ணாம்புக் குறைவும் சில பசுக்களில் நோய்க்குக் காரணமாயிராமல், மறைந்திருக்கும் மடி நோய் அல்லது கருப்பை அழற்சியின் விளைவாக இருக்கலாம் என்று அயோவா மாகாணச் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2021-இல் எடுத்துரைத்தனர். குடியானவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று: தீனி எடுக்காத பசுவுக்குச் சத்து மருந்து கொடுத்ததோடு நில்லாமல், மடியையும் கருப்பையையும் சோதிக்கச் செய்ய வேண்டும்.

செய்யத் தக்கவை

வற்றுக் காலத்தில்: ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகக் கறவையை நிறுத்திவிட வேண்டும். பசு மெலிந்தும் இராமல், விலாவும் இடுப்பெலும்பும் மறையக் கொழுத்தும் இராமல், நடுத்தரமாக இருப்பதே நலம். மெலிந்த பசுவைத் தேற்றுவதானால் முன்னதாகவே தேற்ற வேண்டும். வைக்கோல் ஒன்றையே போட்டு வற்றுக் காலத்தைக் கழிப்பது தவறு. பசும்புல்லில் நிறைந்திருக்கும் வைட்டமின் ஈ வைக்கோலில் மிகவும் குறைவு. 1984-இல் ஒஹையோ மாகாணத்தில் நடந்த ஆராய்ச்சியில், வற்றுக் காலத்தில் இந்த வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்த பசுக்களுக்கு மடி நோய் 37 சதவீதம் குறைந்தது. வற்றுப் பசுவால் வருமானம் இல்லையென்று பசும்புல்லை மறுப்பது, அடுத்த ஈற்றின் பாலை மறுப்பதே ஆகும்.

கோடையில் ஈனும் பசுவுக்கு நிழலும், தாராளமான குடிநீரும் வேண்டும். வற்றுக் காலத்தில் வெயிலின் வெப்பத்தால் வருந்திய பசுக்கள் அடுத்த ஈற்றில் குறைவாகக் கறப்பதையும், அவற்றின் நோயெதிர்ப்புத் தாழ்வதையும் ப்ளோரிடா சர்வகலாசாலையில் கண்டிருக்கின்றனர். தமிழ்நாட்டு வெயிலில் இதைச் சிறு விஷயமாக எண்ணலாகாது.

ஈனுவதற்கு முந்திய மூன்று வாரங்களில்: ஈன்ற பின் தின்னப்போகும் தவிடு, பிண்ணாக்கு, தானியம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். இரைப்பையின் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்கு இணங்கச் சில நாள் பிடிக்கும். சுண்ணாம்புச் சத்தை இக்காலத்தில் மிகுதியாகக் கொடுப்பதால் பால் ஜுரத்தைத் தடுத்துவிடலாம் என்று எண்ணுவது பிசகு. தீனியில் தாராளமாக வரும்போது, எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பாராதைராய்டு கோளங்கள் சோம்பியிருக்கும். ஈன்ற அன்று திடீரென்று வேலை வந்தால் அவை உடனே எழா. ஆகையால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசால், வேலிமசால் முதலியவற்றை இந்த வாரங்களில் குறைத்து, ஈன்ற அன்று முதல் தாதுஉப்புக் கலவையோடு மறுபடி தாராளமாகக் கொடுப்பது உசிதம். முன்பு பால் ஜுரம் கண்ட பசுவானால் மிருக வைத்தியரை முன்கூட்டியே கலந்து கொள்ள வேண்டும்.

ஈனும் அன்று: ஈனும் இடம் உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடியைக் கையால் இழுத்தலும், கல்லைக் கட்டித் தொங்கவிடுதலும் கருப்பையைப் புண்ணாக்கும். ஒரு நாள் கடந்தும் விழாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பசு எழ மாட்டாமல் படுத்துவிட்டால் மூங்கில் குழாயாலோ புட்டியாலோ வாயில் எதையும் ஊற்றலாகாது. விழுங்கும் சக்தி குன்றியிருப்பதால் அது நுரையீரலில் இறங்கி உயிரைப் போக்கும். பசுவை ஒருக்களித்துக் கிடக்க விடாமல், மார்பின்மேல் நிமிர்ந்து படுக்குமாறு வைக்கோல் கட்டுகளை அண்டைக் கொடுத்து, வைத்தியரை அழைக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து ஊசியை வேகமாகச் செலுத்தினால் இருதயம் நின்றுவிடக் கூடுமாதலால், அது பழகிய கை செய்ய வேண்டிய காரியம்.

ஈன்ற பின் மூன்று வாரங்களில்: பாலைப் பெருக்கும் அவசரத்தில் சோறு, கஞ்சி, அரிசிமாவு ஆகியவற்றைத் திடீரென்று மிகுதியாகக் கொடுத்தால் இரைப்பை புளித்துப்போய்ப் பசு தீனியையே விட்டுவிடும். அடர்தீவனத்தை நாளுக்கு நாள் சிறிதாகவே உயர்த்த வேண்டும். கீட்டோசிஸ் கண்ட பசுவுக்கு வெல்லம் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வெல்லம் இரைப்பையிலேயே புளித்துப் போவதால் ரத்தத்துக்குக் குளுகோஸாகப் போய்ச் சேருவது அரிது. வைத்தியர் கொடுக்கும் புரொபிலின் கிளைக்காலையோ, ரத்தக் குழாயில் செலுத்தும் குளுகோஸையோ நம்புவதே நன்று.

மடியைச் சுத்தமான நீரில் கழுவித் துடைத்து, கைகளையும் கழுவிக்கொண்டு கறக்க வேண்டும். முதற்பீர்களை ஒரு கறுத்த துணியின்மேல் பீய்ச்சிப் பார்த்தால் திரிதிரியான பால் உடனே கண்ணுக்குப் படும். கறந்தவுடன் பசுவுக்குப் பசும்புல் போட்டு அரை மணி நேரமாவது நிற்கச் செய்வது, காம்பின் துவாரம் மூடும் வரையில் தரையின் அழுக்கு உள்ளே புகாமல் காக்கும். இதற்குக் காசு செலவில்லை.

தினமும் கவனிக்க வேண்டியவை

விலையுயர்ந்த கருவி ஏதுமின்றியே இந்த வாரங்களில் பசுவைக் கண்காணிக்கலாம். தொட்டியில் தீனி மீதியாகிறதா, அசை போடுகிறதா, காதுகள் சில்லிட்டிருக்கின்றனவா, சாணம் இறுகியோ நீர்த்தோ போயிற்றா, அறையிலிருந்து வரும் கசிவில் துர்நாற்றம் வீசுகிறதா, நேற்றைப் பாலைவிட இன்று குறைந்ததா என்னும் ஆறு கேள்விகளைக் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டால் போதும். இவற்றுள் தீனி குறைவதே பெரும்பாலும் முதல் எச்சரிக்கை. பால் குறைவதைக் கண்டு விழித்துக்கொள்பவர் பல சமயங்களில் தாமதமாகவே விழிக்கிறார்.

மிகுதியாகக் கறக்கும் பசு பலவீனமான பசு என்று இதனால் பொருள் கொள்ளலாகாது. குறைவாகக் கறக்கும் நாட்டுப் பசு இந்தச் சோதனைகளுக்கு அவ்வளவாக ஆளாகாமலிருப்பது, அதன் செலவு சிறியதாயிருப்பதாலும் ஆகும். பெரிய செலவு செய்யும் குடும்பத்துக்குப் பெரிய சேமிப்பும் கணக்கும் வேண்டியிருப்பதுபோல், பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு வற்றுக் காலத்திலிருந்தே போஷணையும் பார்வையும் வேண்டும். பால் இல்லாத அந்த இரண்டு மாதங்களில் பசுவுக்குப் போடும் ஒவ்வொரு கட்டுப் பசும்புல்லும், பால் உள்ள பத்து மாதங்களுக்கு இடும் அஸ்திவாரம் என்பதைக் குடியானவர்கள் மனத்தில் கொள்வார்களாக.